எந்த நீலம்மா வேணும்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தின் உள் தெருவில் சாயப் பட்டறையைக் காட்டிக்கொடுத்தது சாக்கடைதான். அன்று அதில் நீலம் ஓடிக்கொண்டிருந்தது.

"கல்யாண சீசன் வந்தா எம்.எஸ். ப்ளூ, எம்.எஸ். ப்ளூன்னு ஒரே பாட்டு. பத்து கடைக்காரன் கேட்டா பத்து நீலம் கேப்பான். பேரு மட்டும் ஒண்ணு" என்றார் சாயக்காரர். அறுபதைத் தாண்டியவர். நகக்கண்ணில் எந்த நிறம் என்று சொல்ல முடியாத ஒரு கறுப்பு.

இந்த நீலத்துக்குப் பிறப்பிடம் இதே ஊர். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் உருவாக்கிக் கொடுத்த நிறம், அவர் மேடையில் உடுத்தியதும் அவர் பேரையே எடுத்துக்கொண்டது. எம்.எஸ். மறைந்தது 2004இல். நிறம் மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்ப வந்து, முன்பின் அவர் பாட்டைக் கேட்டிராத பெண்களின் முகூர்த்தப் பட்டியலிலும் ஏறிவிடுகிறது.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அம்மாவுடையது என்று பேர், உண்மையில் குடும்பத்துக்கே பொது. அம்மா நவராத்திரிக்குக் கட்டுவாள். சித்தியைப் பெண் பார்க்க வந்தபோது அவள் கட்டினாள். அத்தை வளைகாப்புக்கு வாங்கிப் போய், திருப்பித் தர ஆறு மாதம் ஆக்கினாள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. ஆல்பத்தில் எல்லோரும் அந்தப் புடவையில்தான் நிற்கிறார்கள், எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். மகளின் கல்யாணத்துக்கு அதே நிறத்தில் ஒன்று நெய்யச் சொல்லலாம் என்று புடவையையே எடுத்துப் போயிருந்தேன்.

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. "அங்க வைங்கம்மா, கை ஈரம்."

ஒரு பக்கம் கச்சாப் பட்டு சோப்பிலும் சோடாவிலும் வெந்துகொண்டிருந்தது. புழு சுரந்த பசை கரைந்து வெளியேறினால்தான் பட்டுக்குப் பளபளப்பும் சாயம் பிடிக்கும் குணமும் வரும். எடையில் ஏறக்குறையக் கால் பங்கு அதோடு போய்விடும். அடுத்த அடுப்பில் செப்பு அண்டா. சிட்டங்களைக் கோலில் கோத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று முக்கித் திருப்பி, முக்கித் திருப்பி எடுத்தார்கள். நிறுத்தினால் திட்டுத் திட்டாகிவிடும். ஆவியில் ஆசிட் நெடி. எனக்குக் கண் எரிந்தது, அவர்கள் பேசிக்கொண்டே திருப்பினார்கள். கையுறை இல்லை. போட்டால் நூல் கைக்குத் தெரியாதாம். கொதிக்கும் அண்டாவுக்கு எதிரில் இது நியாயமான காரணமாக எனக்குப் படவில்லை.

பாலாற்றுத் தண்ணீர்தான் காஞ்சிப் பட்டுக்கு மெருகு என்பார்கள். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் இருக்கிறது. இப்போது போர் தண்ணீர். அதன் உப்புக்கு ஏற்ப நிறம் மாறும். அதனால் ஏட்டில் எழுதிய அளவு பாதிக்குத்தான் உதவும். அவர் ஒரு சிட்டிகை பொடியைக் கரைத்து ஊற்றுவார், நூலின் நுனியைப் பிழிந்து வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பார், திரும்புவார். ஈரத்தில் பட்டு கறுத்துக் காட்டும். காய்ந்தால் எவ்வளவு இறங்கும் என்பதை மனசுக்குள்ளேயே கழித்துக்கொள்ள வேண்டும். டியூப் லைட்டை அவர் நம்புவதில்லை. "ஷேட் மாறிச்சின்னா நூல் காசு என் தலையில." காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சேலையோடு வரும் அட்டையில் கடைப் பேர் இருக்கும், அபூர்வமாக நெசவாளர் பேர் இருக்கும். சாயக்காரர் பேரை நான் எங்கும் பார்த்ததில்லை.

கை துடைத்து வந்து புடவையைப் பிரித்தார். நான் முந்தானையைக் காட்டினேன். அவர் மறுமுனைக்குப் போனார், இடுப்பில் செருகும் உள்சுற்று. மேல் சுற்றுகளுக்கு அடியிலேயே கிடந்து வெயில் காணாத அந்த முழத்தில், நான் பார்த்தே இராத ஒரு நீலம் இருந்தது. அடர்த்தியாக, கொஞ்சம் திமிராகக்கூட.

"இது உங்கப்பா காசு கொடுத்து வாங்கின நீலம். மேல இருக்கிறது நீங்க பார்த்து வளர்ந்த நீலம். எந்த நீலம்மா வேணும்?"

இந்தக் கேள்வியை அவர் பலரிடம் கேட்டிருக்க வேண்டும். அம்மா புடவையோடு வருகிறவர்கள் இப்போது நிறையப் பேராம். முக்கால்வாசிப் பேர் வெளுத்ததைத்தான் கேட்பார்களாம். "புதுசா, பழசாட்டம் வேணும்பாங்க. அதுல கொஞ்சம் சாம்பல் தட்டணும், அதான் கஷ்டம்."

எனக்கும் வெளுத்ததுதான் வேண்டியிருந்தது. ஆனாலும் இரண்டு முனைகளையும் படம் எடுத்து சித்திக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"ரெண்டும் இல்லடி. நம்ம புடவை பச்சை அடிக்கும். மயில் கழுத்தாட்டம். நான் கட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர் அண்டாவைப் பார்த்தபடியே சொன்னார்: "அன்னிக்கு எந்த வெளிச்சத்துல கட்டினாங்கன்னு கேளுங்கம்மா."

பெண் பார்க்க வந்தது சாயங்காலம். கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து பெட்ரோமாக்ஸ் வாங்கி வந்து வைத்திருந்தார்கள்.

"அப்ப அவங்க சொல்றது சரிதான். பெட்ரோமாக்ஸுல பச்சை அடிக்கத்தான் செய்யும்."

சித்திக்கு அது காதில் விழுந்ததா தெரியவில்லை. "அந்த ஆளுகிட்ட பச்சை சேர்க்கச் சொல்லு. விடாதே" என்றாள்.