ஆலை முந்தியா, ஸ்டேஷன் முந்தியா?

கெடாருக்கு ரயில் கிடையாது. விழுப்புரத்துக்கு மேற்கே, நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் பூமியில் இருக்கிறது நம் ஊர். ரயிலேற வேண்டுமானால் பஸ் பிடித்து விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போகவேண்டும். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் இருப்புப் பாதைக்குப் பஞ்சமில்லை. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைகளில் அது பிரிந்து செல்கிறது. ரயிலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ தொழிற்பேட்டைகளின் பக்கத்தில் கட்டவேண்டிய ஸ்டேஷன்களைப் பற்றி நாம் எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விடையும் சுருக்கமானது: அந்தத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்.

ஏர் பிடித்தவர்களின் பேரன்கள் இன்று மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் மோட்டார் வண்டிகளுக்கு உறுப்புகள் செய்கிறார்கள். நாற்று நட்டவர்களின் பேத்திகள் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசிகளைப் பூட்டுகிறார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, பெருமைப்படவே இடமிருக்கிறது. ஆனால், ஆலை எங்கே வரவேண்டும், அதற்கு எத்தனை ஏக்கர் நிலம், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் என்பதையெல்லாம் ஆற அமர யோசிக்கிறவர்கள், அங்கே வேலை செய்யும் மனிதன் எப்படி வந்து சேருவான் என்பதை மட்டும் கடைசியில் யோசிக்கிறார்கள். சில சமயம் யோசிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

டாட்டா கம்பெனியார் அப்படிச் செய்யவில்லை. 1907-ல் தொடங்கிய அவர்களுடைய இரும்புக் கம்பெனிக்குச் சாக்சி என்ற கிராமத்தைத் தேர்ந்தெடுத்தபோது, நதியையும் தாதுப்பொருளையும் போலவே அருகிலிருந்த காளிமாட்டி ரயில் ஸ்டேஷனையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். 1919-ல் சாக்சி ஜாம்ஷெட்பூர் ஆயிற்று. காளிமாட்டி ஸ்டேஷன் டாட்டாநகர் ஆயிற்று. ஆலையும் ஸ்டேஷனும் ஒரே பந்தலில் பெயர் சூட்டிக்கொண்ட இரட்டைக் குழந்தைகள் என்றே சொல்லலாம்.

பிரிட்டிஷாருடைய கதை வேறு. தங்கள் நாட்டுத் தொழிலாளிக்காக அவர்கள் 1883-லேயே மலிவுக் கட்டண ரயில் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள். வேலைக்குப் போகும் நேரத்துக்கும் திரும்பும் நேரத்துக்கும் குறைந்த கட்டணத்தில் வண்டி விடவேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆட்சியின் கீழ் நம் நாட்டு மூன்றாம் வகுப்புப் பிரயாணி பட்ட பாட்டைக் காந்தியடிகள் 1917-ல் எழுதி வெளியிட வேண்டியிருந்தது. இன்று ரயில்வே நம்முடையது, சர்க்காரும் நம்முடையது. ஆகவே குறை இருந்தால் பழியைக் கடல் தாண்டி அனுப்ப வழியில்லை.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்தில் குடியிருந்துகொண்டு கோட்டைப் பக்கத்தில் உத்தியோகம் பார்ப்பது அதனால் எளிதாயிற்று. 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டை உண்டானபோது ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பிறகு வந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் அம்பத்தூர், பட்டரவாக்கம் ஸ்டேஷன்கள் வாய்த்தன. மறைமலை நகருக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் நெடுஞ்சாலையை நம்பிப் பிறந்தவை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதை போடும் யோசனை பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. பேச்சில் ஏறிக்கொண்டு யாரும் வேலைக்குப் போக முடியாதல்லவா?

சிங்கபெருமாள் கோவிலுக்கும் செங்கற்பட்டுக்கும் நடுவே பரனூர் என்ற சிறு ஸ்டேஷன் இருக்கிறது. 2002-ல் தொடங்கிய மஹிந்திரா தொழில் நகரம் அதற்கு அருகில்தான். புறநகர் மின்வண்டி அங்கே நிற்கிறது. விழுப்புரத்திலிருந்து விரைவு வண்டியில் போகிற நம் ஊர்ப் பையன், செங்கற்பட்டில் இறங்கி மின்வண்டி மாறினால் அடுத்த ஸ்டேஷனில் வேலை. இந்த ஒரு சௌகரியத்தின் மதிப்பு அந்தப் பையனுடைய தகப்பனாருக்குத்தான் தெரியும்.

மாறான உதாரணமும் அதே பாதையில் உண்டு. கிளாம்பாக்கத்தில் மாபெரும் பஸ் நிலையத்தை 2023 டிசம்பர் 30-ந் தேதி திறந்தார்கள். கட்டிடம் விசாலமானது, நம் ஜில்லா பஸ்களும் அங்கேதான் போய் நிற்கின்றன. ஆனால் திறந்த அன்று அதற்கு எதிரே ரயில் ஓடிற்றே தவிர, நிற்க ஸ்டேஷன் இல்லை. பெட்டியையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள், வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ வேறு வாகனம் தேடவேண்டியதாயிற்று. நகர் வளர்ச்சிக் குழுமம் பணம் கொடுக்க, ரயில்வே கட்டிக் கொடுப்பது என்ற ஏற்பாடு ஸ்டேஷனுக்காகச் செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். கல்யாணத்துக்கு முதல் நாள் செய்யவேண்டிய பந்தலை, விருந்து முடிந்த பிறகு போடுவதுதான் சங்கடம்.

ஒரு ஸ்டேஷன் கட்டுவது அப்படி என்ன பிரமாதம் என்று கேட்கலாம். வேலை சுலபமில்லை. பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட மின்வண்டிக்குக் கால் கிலோமீட்டருக்கு அதிகமான நீளத்தில் மேடை வேண்டும். மேடை தாழ்ந்தால் கிழவிகள் ஏற முடியாது. பாதையைக் குறுக்கே கடந்து உயிரை விடாமலிருக்க மேம்பாலம் வேண்டும். வண்டிகள் ஓயாமல் ஓடும் பாதையில், இடைவெளி கிடைக்கும் சில மணி நேரத்தில், பெரும்பாலும் இரவில், வேலையை நடத்தவேண்டும். இவற்றோடு இன்னொரு கஷ்டமும் உண்டு. வண்டி ஓரிடத்தில் கூடுதலாக நின்றால், வேகம் குறைந்து மீண்டும் பிடிப்பதற்குள் அதிலுள்ள அத்தனை பேருக்கும் இரண்டொரு நிமிஷம் போய்விடும். ஆகவே கேட்ட இடத்திலெல்லாம் ஸ்டேஷன் கொடுக்க முடியாது என்று ரயில்வே அதிகாரிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயமே நம் கட்சிக்குப் பலம். பின்னால் செருகுவது இவ்வளவு சிரமமானால், முன்னாலேயே வகுப்பதுதானே புத்திசாலித்தனம்?

நம் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சம்பளம், விடுமுறை, சாப்பாடு எல்லாவற்றையும் நாம் விசாரித்துச் சொன்னோம். அவளுடைய தாயார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டுங்க ஐயா, ரயிலை விட்டு எறங்கி கம்பெனி வரைக்கும் போற வழியிலே வெளக்கு இருக்குங்களா?” என்றாள். திட்டம் போடுகிறவர்களின் மேஜைமேல் எழுதி ஒட்டவேண்டிய கேள்வி அது. ஸ்டேஷன் என்பது மேடையோடு முடிவதில்லை. இருட்டில் ஒரு பெண் பயமின்றி நடந்துபோகும் கடைசி அடி வரையில் அது ஸ்டேஷன்தான்.

வழியில்லாவிட்டால் விடுதிதான் கதி. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றதைக் கண்டித்துப் பெண் தொழிலாளிகள் நெடுஞ்சாலையில் மறியல் செய்த செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். ரயில் இருந்திருந்தால் அது நேர்ந்தே இராது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் விடுதி பிடிக்காவிட்டால் வீட்டிலிருந்தே வந்து போகலாம் என்ற வழி ஒன்று இருக்கும்போது, விடுதிக்காரர் சோற்றில் சற்றுக் கவனம் வைப்பார். தொழிலாளிக்கு ரயில் ஒரு வாகனம் மாத்திரமல்ல, ஒரு சுதந்திரம்.

இப்போது நம் வீட்டு வாசலுக்கே காரியம் வந்திருக்கிறது. திண்டிவனத்தை அடுத்த பெலாக்குப்பம், வெண்மணியாத்தூர், கொள்ளார்ப் பகுதியில் சிப்காட் தொழிற்பூங்கா எழுந்துள்ளது. திண்டிவனத்தில் ஸ்டேஷன் உண்டு. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று விழுப்புரம் வரையில் சிறு ஸ்டேஷன்களும் உண்டு. பாதை புதிதாகப் போட வேண்டியதில்லை. ஷிப்டு மாறும் வேளையை அனுசரித்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே வண்டி, ஸ்டேஷனிலிருந்து பூங்கா வரை பஸ், வழியெல்லாம் விளக்கு, இவ்வளவும் இருந்தால் இன்றைக்குப் போதும். நாளை ஆலைகள் பெருகும்போது புது ஸ்டேஷன் ஒன்று எங்கே வரவேண்டும் என்று இப்போதே பார்த்து, அந்த இடத்தை யாருக்கும் விற்காமல் ஒதுக்கி வைக்கவேண்டும். செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகவேண்டிய பாதை, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் அனுமதி பெற்றும், இன்னும் வண்டி காணவில்லை. அன்று பிறந்த குழந்தைகள் இன்று வேலை தேடுகிறார்கள். அவர்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் அதே பதிலைச் சொல்லக் கூடாது.

ஒரு பெண் விடியற்காலை வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு வேலைக்குப் போய், இருட்டுவதற்குள் வீட்டிற்கே திரும்பி வரவேண்டும். தொழில் வளர்ச்சியின் கணக்கை ஏக்கரிலும் கோடியிலும் போடுகிறவர்கள் போடட்டும். கெடாரில் நாம் அதை இப்படித்தான் போடுவோம்.