உள்ளே வந்த காற்று வெளியே போக வேண்டாமா?

மலருக்கு எழுதச் சொல்லி பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராதுண்ணா, கம்ப்யூட்டர் ஃபேன் பற்றி வேண்டுமானால் எழுதுகிறேன்" என்றேன். "எதையாவது எழுதுடா, பக்கம் நிறையட்டும்" என்றார். (நன்றி அண்ணா!)

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா எட்டாவது வரை. இங்கே சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'மில் தொழிலாளி' என்று எழுதினேன். ஸ்பின்னிங் மில்லில் அவருக்கு என்ன வேலை என்று நான் கேட்டதே இல்லை.

இரண்டாம் ஆண்டில் ஆட்டோகேட் வந்தது. எங்கள் வீதியில் பம்ப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன், "டிராயிங் போட்டுக் குடுத்தீன்னா ஷீட்டுக்கு இவ்வளவுன்னு தந்தர்றேன் தம்பி" என்றார். அவ்வளவுதான், சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் பூட்டிவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. அம்மா ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்து 40 ஆயிரம் கொடுத்தார். காந்திபுரத்துக்கு நாலு நடை நடந்து சாமான் வாங்கினேன். ரைசன் 5 5600ஜி பிராசசர்; கிராபிக்ஸ் அதிலேயே இருப்பதால் தனி கார்டு செலவு இல்லை. கேபினெட்டோடு 120 மில்லிமீட்டர் ஃபேன் நாலு வந்தது. முன்னால் மூன்று, பின்னால் ஒன்று.

பிராசசரில் பேஸ்ட் தடவியது, வயர் செருகியது எல்லாம் பெரிய கதையில்லை. ஃபேனில்தான் கோட்டை விட்டேன். ஃபேனின் ஒரு பக்கம் பார்க்க அழகாக இருக்கும். மறுபக்கம் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரியும். அழகான பக்கம் வெளியே தெரியட்டும் என்று நாலையும் அப்படியே மாட்டினேன். காற்று அழகான பக்கத்தில் நுழைந்து சட்டம் உள்ள பக்கமாக வெளியேறும் என்பது அப்போது தெரியாது. 1937-லேயே ஜி.டி. நாயுடு மோட்டார் தயாரித்த பீளமேட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை! (இ.இ.இ. நண்பர்கள் சிரிக்கக் கூடாது.) போதாததற்கு, தூசி படக்கூடாது என்று கேபினெட்டைச் சுவர் அலமாரிக்குள் தள்ளி வைத்து, முன்னால் அம்மாவின் பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டேன்.

ஏப்ரல் மாதம். எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் கூரை. மத்தியானம் அறைக்குள்ளேயே 37 டிகிரி. பம்ப் கேசிங்கை முப்பரிமாணத்தில் திருப்பினால் பிராசசர் 95 டிகிரிக்குப் போய் நிற்கும். அதற்கு மேல் போகாமல் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் நகரவே நகராது. பட்டறைக்கு ஒப்புக்கொண்ட நாளோ மறுநாள். சீட்டுப் பணம் போச்சு என்றே நினைத்தேன். இன்னும் இரண்டு ஃபேன் வாங்கக் காசு கேட்க அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, திரையை விலக்கிக் கையை முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார்.

"ஏங்கண்ணு, நாலு பக்கமும் காத்து உள்ள போகுது. வெளிய போறதுக்கு வழி எங்க?"

"மேல இடுக்கு வழியா போயிருமுங்கப்பா."

"போகாது. சூடான காத்து அதுவா மேல போகும்னு நம்பி மில்லு ஓட்ட முடியுமா?"

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படம் போட்டார். அப்போதுதான் தெரிந்தது, அவர் மில்லில் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டில் வேலை பார்க்கிறார் என்று! மேலே டக்ட் வழியாகக் காற்று இறங்குகிறது. மெஷின் சூட்டையும் பஞ்சுத் தூசியையும் அள்ளிக்கொண்டு தரைக்கு அடியில் உள்ள கால்வாய் வழியாகப் போகிறது. ஃபில்டரில் பஞ்சை விட்டு, தண்ணீர்த் தூவலில் நனைந்து, மறுபடி மேலே ஏறுகிறது. ஈரம் குறைந்தால் நூல் அறும், கூடினால் ரோலரில் சுற்றும். உள்ளே தள்ளும் காற்று, வெளியே இழுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டுமாம். அப்போதுதான் கதவு இடுக்கு வழியாகத் தூசி உள்ளே வராது. பத்து நிமிடத்தில் பாடம் முடிந்தது. பேனாவை மூடி என் பாக்கெட்டில் செருகிவிட்டுக் குளிக்கப் போனார்.

நானும் கணக்குப் போட்டேன். 100 வாட் வெப்பத்தைக் காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி அள்ளிச் செல்ல, நிமிடத்துக்குச் சுமார் 18 கன அடி போதும். ஃபேன் பற்றாக்குறையே இல்லை! ஆனால் அறைச் சூட்டுக்குக் கீழே எந்த ஃபேனும் இறக்காது. அது காற்றைத் தள்ளும், குளிர வைக்காது. இன்னொன்று, ஃபேன் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும், அது இழுக்கும் மின்சாரமோ எட்டில் ஒன்றாகும். ஒன்றை அலற விடுவதைவிட இரண்டை மெதுவாக ஓட்டினால் சத்தமும் குறைவு.

பின் ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். அலமாரியிலிருந்து எடுத்து மேற்கு ஜன்னல் பக்கம் மேஜையில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தேன். (ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த ஜன்னலில்தான் வரும்.) தூசிக்கு அம்மாவின் நைலான் சேலைத் துண்டை இரண்டு மடிப்பாக ஒட்டினேன், காற்றே நின்றுபோனது. ஒற்றை மடிப்பாக்கியதும் சரியானது. அதே கேசிங், அதே மத்தியானம்: 81 டிகிரி. பட்டறை அண்ணனிடம் ஒருநாள் தள்ளிக் கேட்டு டிராயிங்கைக் கொடுத்துவிட்டேன். முதல் பணம் அம்மாவின் சீட்டுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா நான் சொல்லாமலே அந்த நைலான் துண்டை எடுத்து உதறி, அலசிக் காயப்போடுகிறார். மற்ற நாட்களில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்:

"இன்னிக்கு எவ்வளவு கண்ணு?"

- இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்