அடிக்கணக்கில் ஒரு வீடு

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரே லோரி இரண்டு குட்டையான பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துச் செல்வதை அடிக்கடி பார்க்கலாம். ஒவ்வொரு பெட்டியும் 28 அடி நீளம். உள்ளே கடைச் சரக்குதான் இருக்கும் என்று நினைப்போம். அதில் ஒரு குடும்பத்தின் கட்டிலும் பிள்ளைகளின் சைக்கிளும்கூடப் போய்க்கொண்டிருக்கலாம்.

என் தங்கை குடும்பம் டாலஸிலிருந்து டென்வருக்கு வீடு மாறியபோது நானும் உடனிருந்தேன். ஆட்குறைப்பில் வேலை இழந்திருந்த மாப்பிள்ளைக்கு டென்வரில் புது வேலை கிடைத்திருந்தது. ஆனால், வீடு மாறும் செலவை அந்த நிறுவனம் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் ஆள் வைத்துச் செய்தால் ஆகும் தொகை அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்: பொருளை நாமே ஏற்ற வேண்டும், லோரியை நிறுவனம் ஓட்டும், இறக்குவதும் நாமே.

வீட்டு வாசலில் காலி ட்ரெய்லரை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏற்றி முடிக்கச் சில நாள் அவகாசம் உண்டு. கட்டணம் எடைக்கு அல்ல, பொருள் பிடிக்கும் நீளத்துக்கு. ஏற்றி முடித்ததும் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் வைத்து, நம் பூட்டைப் போட்டுச் சாவியை நாமே வைத்துக்கொள்ளலாம். மிச்ச இடத்தில் நிறுவனம் வேறு சரக்கை ஏற்றிக்கொள்ளும்.

ஒவ்வோர் அடிக்கும் பணம் என்றதும் வீட்டுப் பொருள்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. சோபா இரண்டரை அடியைத் தின்னும் என்று மாப்பிள்ளை அளந்து சொன்னார். அது பக்கத்து வீட்டுக்குப் போனது. சாப்பாட்டு மேசையும் போனது. ஈப்போவிலிருந்து கொண்டுபோன அம்மாவின் தையல் இயந்திரத்தை மட்டும் தங்கை அளக்கவே விடவில்லை. எரிவாயு உருளை, பெயிண்ட், செடிகளை ஏற்றக்கூடாது. அவள் வளர்த்த கறிவேப்பிலைச் செடி கோயில் தோழி ஒருவரிடம் தங்கியது.

ஏற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கனமானவை முன்பக்கம், அடியில். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். தரையிலிருந்து கூரை வரை இடைவெளியின்றி அடுக்கி, வரிசைக்கு வரிசை பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வழியில் எல்லாம் சரிந்துவிடும். மொத்தம் 11 அடியில் வீடு அடங்கியது.

பிறகு நாங்கள் காரில் கிளம்பினோம். ஏறக்குறைய 1,270 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை போய், பாதிக்கு மேல் திரும்பி வருவது போன்ற தூரம். அமரில்லோ அருகே, 1974-இல் மூக்கு மண்ணில் புதையும்படி நட்டுவைத்த பத்து கடிலாக் கார்களைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அதன்பின் நெடுநேரம் புல்வெளிதான். நியூ மெக்சிகோவின் ரட்டோன் கணவாயைக் கடந்ததும் கொலராடோ. எதிரே இரட்டைப் பெட்டி லோரி வரும்போதெல்லாம், "நம்ம வீடா?" என்று சின்னவள் கேட்டாள்.

வேலைக்காக ஊர் மாறும் இளையோருக்கு ஒன்று சொல்லலாம். லோரி நிற்க இடமும் அனுமதியும் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். தூக்க நாலு பேரைத் தயார் செய்யுங்கள். முதல் நாளே வேண்டியதைக் கடைசியில் ஏற்றுங்கள். டென்வரில் கதவைத் திறந்ததும் மெத்தைகளுக்கு முன்னால் இருந்தது சாமிப்படமும் பால் பாத்திரமும். மற்ற பெட்டிகள் இறங்கும் முன்பே புது அடுப்பில் பால் பொங்கிவிட்டது.