ஷாங்காயில் ஒரு பாதிரியார்

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வெர்தன் சண்டையைத் தேதி தேதியாக ஒப்பிக்க வைத்தார்கள். ஷாங்காய் சண்டை பற்றி ஒரு வரி கிடையாது. 1937 ஆகஸ்ட் 13இல் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நடந்த சண்டை அது. ஜெர்மன் அதிகாரிகள் பழக்கிய தன் சிறந்த படைகளை அங்கேதான் சியாங் கை ஷேக் ஜப்பானியரிடம் பறிகொடுத்தார்.

நவம்பரில் சண்டை பழைய நகரத்தை நெருங்கியது. பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த பகுதி. அதன் இரும்புக் கதவுகளை முட்டிக்கொண்டு நின்றது சனம்.

ழாக்கினோ என்று ஒரு பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார். வலது கை இல்லாதவர். சீனரிடமும் ஜப்பானியரிடமும் தனித்தனியே போய்ப் பேசி, பழைய நகரத்தின் வடபகுதியைத் தாக்குவதில்லை என்று வாக்கு வாங்கினார். இரு தரப்பையும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. அதுதான் கெட்டிக்காரத்தனம்! கோப்புகளோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன்: கேட்டிருந்தால், எந்த வார்த்தை போடுவது என்று முடிவாவதற்குள் ஊர் எரிந்திருக்கும்.

சுமார் இரண்டரை லட்சம் பேர் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் தனி விதியே வந்தது. ழாக்கினோ அதைப் பார்க்கவில்லை. 1946இலேயே பெர்லினில் காலமாகிவிட்டார்.