ஆடியோவைத் தொடு, படத்தைத் தொடாதே

சாலிகிராமம் அருணாசலம் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் டப்பிங் தியேட்டர்களும் எடிட்டிங் அறைகளும் வீடுகளோடு வீடாகக் கலந்து கிடக்கின்றன. பெயர்ப்பலகை இல்லாத மாடிகளிலும் ஏதோ ஒரு படத்தின் வேலை ஓடிக்கொண்டிருக்கும். நான் பார்க்கப் போனது அந்த வரிசையில் கடைசியாக நிற்பவர்களை. எடிட்டர் வெட்டி, கலரிஸ்ட் நிறம் பார்த்து, மிக்ஸிங் முடிந்து, சப்டைட்டிலும் எழுதியான பிறகு கோப்பு இவர்களிடம் வரும். திரையிடலுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, தயாரிப்பாளர் கைபேசியில் பார்க்க ஒன்று என்று மாற்றிக் கொடுப்பதுதான் இவர்கள் பிழைப்பு. டைட்டில் கார்டில் இவர்கள் பெயர் வருவது அபூர்வம். ஆனால் பார்வையாளரின் கண்ணுக்கும் காதுக்கும் போய்ச் சேருவது இவர்கள் கையைக் கடந்து வந்த கோப்புதான்.

அறையில் இரண்டு கம்ப்யூட்டர், அடுக்கி வைத்த ஹார்ட் டிஸ்க்குகள், சுவரில் ஒரு சாதாரண 32 இன்ச் டிவி. விலை உயர்ந்த மானிட்டர் இருந்தும் கடைசிச் சோதனையைப் பென் டிரைவில் போட்டு அந்த டிவியில்தான் செய்கிறார்கள். ஊரில் மக்கள் பார்ப்பது அதில்தான் என்பது அவர்கள் கணக்கு. பொறுப்பாளர் நாற்பதைக் கடந்த ஒரு பெண். பையன்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவர் திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. பட்டன் கிடையாது, மெனு கிடையாது. எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளை வரி மென்பொருள். பிரெஞ்சுக்காரரான ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-ல் தொடங்கியது. பிறகு உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. பட்டன் வைத்த எத்தனையோ கன்வெர்ட்டர்களுக்கு உள்ளே ஓடுவதும் இதுதான். பிறகு ஏன் பட்டன் வைத்ததையே பயன்படுத்தக் கூடாது என்று கேட்டேன். “பட்டனை அமுக்கினா அது எல்லாத்தையும் மாத்திடும் சார். எனக்கு எல்லாத்தையும் மாத்த வேணாம்” என்றார்.

அன்றைக்கு வந்திருந்தது ஓர் ஆவணப்படம், 90 நிமிடம். மூவ் வகைக் கோப்பு. அதை எம்பி4 ஆக்கித் தர வேண்டும். ஊர் ஊராகத் திரையிடப் போகிறார்கள். வேலை பழகும் தம்பியிடம் அக்கா சொன்ன முதல் வேலை, உள்ளே என்ன இருக்கிறது என்று எஃப்எஃப்புரோப் என்ற கருவியை வைத்துப் பார்ப்பது. புதிதாகச் சேருகிறவர்களை முதலில் கொஞ்ச காலம் பார்க்க மட்டும்தான் விடுவார். எதையும் மாற்ற விடமாட்டார். தம்பி வாய்விட்டுப் படித்தான். 0:0 படம், எச் 264. 0:1 தமிழ், 5.1 சேனல், 24 பிட் பிசிஎம். 0:2 தமிழ் ஸ்டீரியோ. 0:3 தெலுங்கு. 0:4 ஆங்கில வர்ணனை. கடைசியாக டைம்கோடு. தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு எஸ்ஆர்டி சப்டைட்டில்கள் தனிக் கோப்பாக வந்திருந்தன.

“டிபன் கேரியர் மாதிரி நினைச்சுக்கோ. சாம்பார் ஆறிப்போச்சுன்னா அந்தக் கிண்ணத்தை மட்டும் எடுத்துச் சூடு பண்ணு. தயிர் சாதத்தை ஏன் அடுப்பில ஏத்துற?” என்று அக்கா அவனிடம் சொன்னார். கோப்பின் வெளிக்கூடு வேறு, உள்ளே ஓடும் ஒவ்வொரு ஸ்ட்ரீமும் வேறு. ஒவ்வொன்றுக்கும் எந்தக் கோடெக், அதாவது எந்தச் சுருக்கும் முறை, என்பதைத் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் கையில் கிடைத்த கன்வெர்ட்டரில் போட்டு எடுப்பவர்களால்தான் கலரிஸ்ட் ராத்திரி பகலாகப் பார்த்த இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைகின்றன. ஒருமுறை சுருக்கிய படத்தை மறுபடி சுருக்கினால் கொஞ்சம் போகும். மூன்றாம் முறை இன்னும் போகும். போனது திரும்பி வராது.

இந்தப் படத்தை ஏற்கெனவே எச் 264-ல் சுருக்கி, கலரிஸ்ட் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டார். எம்பி4 கூடு அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆகவே படத்துக்கு ‘காப்பி’. அவிழ்க்காமல், மறுபடி சுருக்காமல், இருக்கும் பைட்டுகளை அப்படியே எடுத்துப் புதுக் கூட்டில் வைப்பது. ஆடியோவை அப்படி விட முடியாது. எம்பி4-க்குள் சுருக்காத பிசிஎம் ஒலி இருந்தால் பல டிவிகள் ஊமையாகிவிடும். எடையும் அதிகம்: 48,000 ஹெர்ட்ஸில் ஆறு சேனல், 24 பிட் என்றால் நொடிக்கு 6.9 மெகாபிட். 90 நிமிடத்துக்கு அந்த ஒரு ட்ராக் மட்டும் 4.6 ஜிபியைத் தாண்டும். அதையே ஏசி-3 ஆக 448 கிலோபிட்டில் வைத்தால் 300 எம்பி அளவில் முடிந்துவிடும்; அரங்குகளில் இருக்கும் ரிசீவர்களுக்கும் அது பழகிய மொழி. மற்ற ட்ராக்குகளுக்கு ஏஏசி, 192 கிலோபிட். சப்டைட்டில் எஸ்ஆர்டியாக எம்பி4-ல் நுழையாது. மூவ் டெக்ஸ்ட் என்ற வகைக்கு மாற்ற வேண்டும். தெலுங்கு மட்டும் சற்று தணிவாகக் கேட்கிறது என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அதை 4 டெசிபல் ஏற்ற வேண்டும். ஒலியை ஏற்றுவது ஃபில்டர் வேலை. ஃபில்டரும் காப்பியும் ஒரே ஸ்ட்ரீமில் சேராது. எப்படியும் ஏஏசிக்கு மாற்றும் ட்ராக் என்பதால் இங்கே சிக்கல் இல்லை.

தம்பி தட்டிக்கொண்டே சொல்லிவந்தான்: “மைனஸ் சி கோலன் வி காப்பி. மைனஸ் சி கோலன் ஏ ஏஏசி. மைனஸ் சி கோலன் ஏ கோலன் ஜீரோ ஏசி-3.” முதலில் எல்லா ஆடியோவுக்கும் பொதுவாக ஏஏசி, பிறகு முதல் ஆடியோவுக்கு மட்டும் விலக்கு. எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்த வரிசை முக்கியம். ஒரு ஸ்ட்ரீமுக்குப் பொருந்தும் கட்டளைகள் பல இருந்தால் கடைசியில் வருவதே செல்லும். விலக்கை முன்னால் எழுதிப் பொதுவைப் பின்னால் எழுதினால் 5.1-உம் ஏஏசி ஆகிவிடும். சிவப்பு எழுத்தில் பிழை எதுவும் வராது. வேலை சுத்தமாக முடிந்ததாகவே காட்டும்.

இந்தத் தொழிலில் என்னை அசர வைத்தது இந்த மௌனம்தான். எந்தெந்த ஸ்ட்ரீம் வேண்டும் என்று ‘மேப்’ போட்டுச் சொல்லாவிட்டால் மென்பொருள் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்: ஒரு படம், அதிகச் சேனல் உள்ள ஒரு ஆடியோ, ஒரு சப்டைட்டில். தெலுங்கும் ஆங்கிலமும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். கோடெக் எது என்று சொல்லாவிட்டால் எம்பி4-க்கு வழக்கமாக வைத்திருக்கும் கோடெக்கில் படத்தையே மறுபடி சுருக்கிவிடும். இயந்திரம் குறை சொல்லாத இடத்தில் மனிதக் கண் இருந்தாக வேண்டும். அந்தக் கண்ணுக்குத்தான் கூலி என்பது கொடுப்பவர்கள் பலருக்கும் புரிவதில்லை. “ஒரு வரி தட்டுறதுக்கு இவ்வளவா?” என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு என்று அக்கா வருத்தத்தோடு சொன்னார்.

தம்பி என்டர் அடிக்கும் நேரத்தில் தயாரிப்புத் தரப்பிலிருந்து அழைப்பு வந்தது. தமிழ் ஸ்டீரியோ வேண்டாம், 5.1 மட்டும் போதும் என்றார்கள். அவன் அந்த ட்ராக்குக்கு உரிய மேப்பை எடுத்துவிட்டு மறுபடி என்டருக்கு விரலைக் கொண்டுபோனான்.

“நில்லு. இப்ப ஏ 2 யாரு?”

தம்பி திரையைப் பார்த்தான். தெலுங்குக்கு எழுதிய ஒலி ஏற்றம் ‘ஏ 2’ என்ற முகவரியில் இருந்தது. இந்த எண்கள் வந்த கோப்பின் வரிசையைக் குறிப்பவை அல்ல. வெளியே போகும் கோப்பின் வரிசையைக் குறிப்பவை. நடுவில் ஒன்றை எடுத்ததும் பின்னால் இருப்பவை ஒரு படி முன்னே நகர்ந்துவிட்டன. தெலுங்கு இப்போது ஏ 1. ஏ 2-ல் ஆங்கிலம் வந்து நிற்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் சரியாக இருந்த ஆங்கில வர்ணனை 4 டெசிபல் ஏறி, உரத்த இடங்களில் கரகரத்திருக்கும். தெலுங்கு பழையபடியே தணிந்திருக்கும். “ஏ 1 அக்கா” என்று திருத்தினான். மொழிக் குறியீடுகளும் எண்ணை நம்பியே எழுதப்படுபவை. அவற்றையும் சேர்த்து மாற்றச் சொன்னார். அதை விட்டிருந்தால் டிவியின் மெனுவில் தெலுங்கு என்று அமுக்கியவருக்கு ஆங்கிலம் கேட்கும்.

ஓடத் தொடங்கியதும் திரையில் எந்த ஸ்ட்ரீம் எங்கே போகிறது என்ற பட்டியல் வரும். அதை வரிவரியாகப் படிக்காமல் யாரும் நாற்காலியைவிட்டு எழக் கூடாது என்பது இந்த அறையின் சட்டம். “0:0 லேருந்து 0:0, காப்பி. 0:1 லேருந்து 0:1, பிசிஎம் டு ஏசி-3...” தம்பி படிக்க, அக்கா அடிவரியின் கோடியில் ஓடும் வேக எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் காப்பியாகப் போகும்போது அந்த எண் பல பத்துகளில் ஓடும். 2, 3 என்று ஊர்ந்தால் படம் எங்கோ மறுபடி சுருங்குகிறது என்று அர்த்தம். உடனே கியூ விசையைத் தட்டி நிறுத்திவிட வேண்டும். பட்டியலைப் படிக்குமுன் அந்த எண்ணிலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

தமிழ் சப்டைட்டில் பற்றி மட்டும் அவருக்கு மனம் ஆறவில்லை. ஸ்ட்ரீமாக வைத்தால் படத்தைத் தொட வேண்டியதில்லை, வேண்டாதவர்கள் அணைத்தும் வைக்கலாம். ஆனால் சில டிவிகள் தமிழ் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்களைக் காட்டுகின்றன. சிலவற்றில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அப்படிப்பட்ட டிவிகள் உள்ள ஊர்களுக்காக எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்து இன்னொரு பிரதி செய்கிறார். பதிப்பதென்றால் படத்தை அவிழ்த்து மறுபடி சுருக்கித்தான் ஆக வேண்டும். காப்பி அங்கே உதவாது. அந்தப் பிரதியை எச் 264-ல் சுருக்கிய கோப்பிலிருந்து எடுக்கமாட்டேன் என்று கலரிஸ்டிடம் புரோரெஸ் மூலத்தையே கேட்டு வாங்கியிருந்தார். எண் குறையக் குறையத் தரம் கூடும் சிஆர்எஃப் அளவை, வழக்கமான 23-ஐ விட்டு 17-ல் வைத்து, இருட்டுக் காட்சி ஒன்றை மட்டும் முதலில் வெட்டி எடுத்துச் சுவர் டிவியில் ஓட்டிப் பார்த்தார்கள். கிணற்றடியில் லாந்தர் வெளிச்சத்தில் ஒரு முகம். சுற்றியுள்ள கறுப்பில் பட்டை விழுகிறதா என்று மூவரும் டிவிக்கு ஓர் அடி தூரத்தில் நின்று பார்த்தோம். விழவில்லை.

முதல் கோப்பு முடிந்ததும் தம்பி இன்னொரு கட்டளை கொடுத்தான். வந்த கோப்பின் பட ஸ்ட்ரீமுக்கும் போகிற கோப்பின் பட ஸ்ட்ரீமுக்கும் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, இரண்டு நீண்ட எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தான். கடைசி எழுத்து வரை ஒன்றே. படத்தில் ஒரு பிட் கூட மாறவில்லை. இரண்டு எண்களையும் ஒரு சிறு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி ஹார்ட் டிஸ்க்கில் படத்தோடு சேர்த்து வைத்தான். யாரும் கேட்காமல் அக்கா தொடங்கிவைத்த பழக்கம் இது. இப்போது அந்தத் தெருவின் கலரிஸ்டுகள் இருவர், அந்த எண்கள் இல்லாமல் கோப்பை வாங்கிக்கொள்வதில்லையாம்.