வலத் தோளுக்குத் தனி அளவு

நண்பரின் மகள் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஆடை வடிவமைப்பு படிக்கிறாள். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு இங்கிலாந்தில். அங்கே போகுமுன் சொந்த ஊர்த் தையல் முறை ஒன்றைப் பழகி, வரைபடமும் மாதிரித் துணியுமாக ஒரு தொகுப்பைத் தயார் செய்துகொள்ள வேண்டும். "சேலை ஜாக்கெட்ட எடுத்துக்கலாம்னு இருக்கேன் அங்கிள். நல்லா வெட்டுறவங்க யாராச்சும் தெரியுமா?" என்று கேட்டாள். ஈப்போவில் உள்ள புந்தோங்குக்கு அழைத்துப் போனேன்.

புந்தோங் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கச்சான் பூத்தே கடைகள்தான் நினைவுக்கு வரும். அந்தக் கடைகளுக்குப் பின்னால் உள்ள தெருக்களில், வீட்டு முன்கூடத்திலேயே தையல் மெஷின் போட்டு உழைக்கும் பெண்கள் பலர். பெரும்பாலும் தோட்டம் விட்டு வந்தவர்கள். எங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்ட அக்காவும் அப்படித்தான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டினார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தோட்டக் கணக்கரான கிராணியார் வீட்டில் கூடமாட வேலைக்குப் போனபோது, அந்த அம்மா மிதித்துத் தைக்கும் சிங்கர் மெஷினைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, மத்தியானம் வரை மரம் வெட்டு, பிறகு லயத்து வாசலில் தையல். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் ஆள் தேவை குறைந்தது. பிறகு நிலம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு புந்தோங் வந்தவர், இன்றுவரை அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நாங்கள் போன நேரம், லைனிங் துணியைத் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டிருந்தார். முதல் தண்ணீரிலேயே சுருங்க வேண்டியது சுருங்கிவிட வேண்டும், தைத்த பிறகு சுருங்கினால் ஜாக்கெட் பாழ் என்றார். காய்ந்த துணியை மேசையில் விரித்து, முனையைப் பிடித்துக் கோணலாக மடித்தார். கிராஸ் கட் ஜாக்கெட்டுக்கு முன்பக்கம் இப்படித்தான் வெட்ட வேண்டும். பாவும் ஊடையும் நேராக நிற்காமல் மார்பின்மேல் சாய்ந்து ஓடும்போது, நெய்த துணிக்கே ஒரு நெகிழ்ச்சி வந்துவிடுகிறது. இழுத்தால் கொடுக்கும், விட்டால் திரும்பும். இறுக்கமும் இருக்கும், மூச்சும் விடலாம்.

இதே கோணல் வெட்டை 1920களில் பாரிஸில் உலகப் புகழுக்குக் கொண்டுபோனவர் மதலேன் வியோனே. 1876இல் பிறந்து, பதினொரு பன்னிரண்டு வயதிலேயே தையல் வேலைக்குப் போன ஏழைப் பெண். 1912இல் சொந்தக் கடை திறந்தார். சிறிய மரப் பொம்மை ஒன்றில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தே உடைகளை உருவாக்கினார். ஆடை வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் அவர் பெயரைக் கேள்விப்படாமல் இருக்க மாட்டார்கள். அக்கா கேள்விப்பட்டதில்லை. ஆனால் துணியை எந்தச் சாய்வில் பிடித்தால் எவ்வளவு கொடுக்கும் என்று அவருடைய விரல்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு வயதான அம்மா ஒருவர் பேத்தி கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க வந்தார். முன்பு மரம் வெட்டியவர். அக்கா அவரை நேராக நிற்கச் சொல்லவில்லை. "கொண்டை போடுற மாதிரி கையத் தூக்குங்க பெரியம்மா" என்றார். கை இறங்கியதும் டேப்பை எடுத்து இடத் தோளை அளந்தார், பிறகு வலத் தோளைத் தனியாக அளந்தார். இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டார். வலது பக்கம் அரை அங்குலம் இறக்கம். கழுத்தை ஒட்டிச் சதை கெட்டியாகத் திரண்டிருந்தது. இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பை ஆண்டுக்கணக்காக ஒரே தோளில் சுமந்தவருக்கு உடம்பு அப்படித்தான் ஆகும்.

பிறகு அக்கா செய்ததைப் பார்த்து நண்பரின் மகள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டாள். முதுகுத் துணியை இரண்டாக மடித்து ஒரு பாதியை வரைந்தால் மறுபாதி தானாக வந்துவிடும். கல்லூரியில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அக்கா மடிக்கவே இல்லை. துணியை முழுசாக விரித்து, இடப் பாதியை ஒரு அளவிலும் வலப் பாதியை வேறொரு அளவிலும் சாக்கால் கோடு போட்டார். வலது கைக்குழியை ஒரு விரல் கீழே இறக்கினார். "மடிச்சு வெட்டுனா அவங்களுக்கு வலது பக்கம் கழுத்துல எழும்பி நிக்கும்மா. சேலைய வெச்சு மறைச்சிக்கிட்டே இருப்பாங்க. கல்யாண வீட்ல எப்படி நிம்மதியா உக்காருவாங்க?" என்றார்.

சுவரில் ஆணி அடித்து, பழைய காலண்டர் அட்டைகளில் வெட்டிய அளவுகளைக் கோத்து மாட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஆள் பெயர், தோட்டத்தின் பெயர். சிலவற்றில் வலம், இடம் என்று இரண்டு அட்டைகள். கல்லூரியில் இருக்கும் பொம்மைக்கு இரு தோளும் ஒன்றுபோல இருக்கும். அது யாருடைய உடம்பும் இல்லை. பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் மனித உடம்பை என்ன செய்தன என்பதற்கு, நான் பார்த்தவரை அந்த ஆணியில் தொங்குவதைவிடத் துல்லியமான பதிவு வேறில்லை.

இந்தத் திறமைக்குக் கிடைப்பது என்ன? அக்காவுக்கு நேரடி வாடிக்கையாளர்கள் கொஞ்சம்தான். மீதி வேலை, கடைகள் கொடுத்தனுப்புவது. லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்குக் கடை வாங்குவது 90 வெள்ளி, அக்கா கைக்கு வருவது 25. நூல், ஊக்கு, மின்சாரம் அவர் செலவு. அளவு பிசகினால் திருத்துவதும் அவரே. ஜாக்கெட்டின் கழுத்தில் தைத்திருப்பதோ கடையின் பெயர். வியோனே தன் உடைகளை யாரும் திருடிப் போலி செய்யாதபடி லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையையே பதித்தார். தன் பட்டறைப் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறையும் மருத்துவரும் ஏற்பாடு செய்தார். நூறாண்டு கழித்து, நம் ஊரில் தைப்பவருக்குப் பெயரும் இல்லை, விடுமுறையும் இல்லை. துணியைத் தொடாதவர் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துக்கொள்வதை வியாபாரம் என்று சொல்லி நாம் கடந்துபோகக் கூடாது. இது சுரண்டல்.

படிக்கப் போகும் பிள்ளையிடமும் இதே கைகள் நீளுகின்றன. 1980களில் இங்கே தனியார் கல்லூரிகள் பாதிப் படிப்பு உள்ளூரில், மீதி வெளிநாட்டில் என்ற முறையைத் தொடங்கின. 1997 நெருக்கடியில் டாலருக்கு இரண்டரையாக இருந்த ரிங்கிட் நான்கைத் தாண்டிச் சரிந்தபோது, முழுப் படிப்பையும் இங்கேயே முடிக்கும் வழி பெருகியது. இருந்தும் வெளிநாட்டு ஆண்டின் மோகம் குறையவில்லை. உள்நாட்டில் ஆடை வடிவமைப்புக்குப் பெயர்போன மாரா பல்கலைக்கழகம் பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடனோ உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும். ஆக, நண்பர் வீட்டை அடகு வைத்தார். விசாவுக்காக அங்கே தங்கும் செலவுத் தொகையை 28 நாள் வங்கியில் அசையாமல் வைத்திருக்க, உறவினர்களிடம் கை நீட்டினார். "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது" என்று ஆலோசனை சொன்ன முகவருக்கு, சேர்த்துவிட்ட தலைக்குக் கமிஷன் அந்தப் பல்கலைக்கழகமே தருகிறது. கமிஷன் எங்கே அதிகமோ அங்கேதான் ஆலோசனையும் சாயும்.

போகாதே என்று நான் சொல்லவில்லை, போகத்தான் வேண்டும். பினாங்கில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்த ஜிம்மி சூ, லண்டன் கார்ட்வெய்னர்ஸ் கல்லூரியில் 1983இல் படித்து முடித்தார், உலகம் அவரை அறிந்தது. ஆனால் முதல் செருப்பை அவர் தைத்தது அப்பாவின் பட்டறையில். லண்டன் கொடுத்தது மேடையும் சந்தையும். நம் பிள்ளைகளோ அப்பா அம்மாவின் பட்டறையைத் தாண்டி ஓடியபடியே லண்டனுக்குப் போகிறார்கள்.

அந்தப் பட்டறைகளைக் காப்பாற்ற, சேர்ந்து நிற்பதற்கு ஒரு முன்மாதிரி நம்மிடமே உண்டு. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். துண்டாடி விற்கப்பட இருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து வாங்கிக் காட்டினார்கள். அவர் பிறந்ததும் சுங்கை சிப்புட்தான். அந்த மண்ணிலிருந்து வந்த தையல் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு கடையை வாடகைக்கு எடுக்க முடியாதா? அவர்கள் பெயரே லேபிளில் இருக்கட்டும். கல்லூரிகள் அவர்களிடம் மாணவர்களை அனுப்பட்டும், ஆசிரியர் சம்பளம் கொடுத்து அனுப்பட்டும்.

அரசில் ஒரு வழி இப்போதே திறந்திருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையை ஆதாரமாகக் காட்டி மதிப்பீட்டாளர் முன் நிரூபித்தால், திறன் மேம்பாட்டுத் துறை மலேசியத் திறன் சான்றிதழ் தருகிறது. நண்பரின் மகள்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். விவரங்கள் மலாயில் எழுத வேண்டும், வேலைகளைப் படம் பிடித்துத் தொகுக்க வேண்டும். தொகுப்புத் தயாரிப்பது அவளுக்குப் பழகிய வேலை. அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சான்றிதழ் இருந்தா கடைக்காரன் கூட்டிக் குடுப்பானா?"

"கடைக்காரருக்கே தைக்க வேணாம்கா. நீங்க சொல்லிக்குடுக்கலாம். என்ன மாதிரி படிக்கிற பிள்ளைங்க வருவாங்க."

"அப்ப எழுது. தீபாவளிக்கு நாப்பது ஜாக்கெட் நிக்குது, அது முடியட்டும். எழுதுறத நீ பாத்துக்க, வெட்டுறத நான் பாத்துக்கறேன்."