எதை நடுவது?

காலாப்பட்டில் நமக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. கடற்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும் இடம். அதில் எதை நடலாம் என்று பேச்செடுத்தோமோ இல்லையோ, வந்து குவிந்தன யோசனைகள்! மண் எப்படி, நீர் எத்தனை அடியில் என்று கேட்டவர் ஒருவருமில்லை. வாசலில் முருங்கை வைத்தால் குடும்பம் உருப்படாது என்றார் பெரியப்பா. புளியில் பேய் குடியிருக்கும் என்றார் அண்டை வீட்டார். ஈசானிய மூலையில் எது, கன்னி மூலையில் எது என்று கட்டம் போட்டுக் காட்டினார் ஓர் இளைஞர். பொறியியல் பட்டதாரியாம் அவர்!

முருங்கைக் கிளை எளிதில் முறியும். ஏறும் பிள்ளையின் கை ஒடியும். அதைச் சொன்னால் போதாதா?

சாத்திரத்தைத் தள்ளுவது நமக்கு எளிது. சந்தையைத் தள்ளுவதுதான் கடினம். "சவுக்குப் போடுங்கள், நான்கைந்து ஆண்டில் பணம்" என்றனர் நண்பர்கள். ஆஸ்திரேலிய வழி வந்த அம்மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் எஞ்சினுக்கு விறகாகச் சென்னை மாகாணக் கடற்கரையில் பரப்பப்பட்டது. அதன்மீது நமக்குப் பகையில்லை. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றின் நைட்ரஜனையே உரமாக்கிக்கொண்டு, வெறும் மணலிலும் வளரும் திறம் அதற்குண்டு. ஆனால் முதலாண்டு நீரூற்றியபின், வெட்டும் நாள்வரை அந்நிலத்தில் ஆளுக்கு வேலை ஏது? மணிலா போட்டால் விதைக்க, களையெடுக்க, பறிக்க, காய் ஆய என்று எத்தனை பெண்களுக்குக் கூலி! நிலமுடையோன் சவுக்குக்கு மாறி நிம்மதியாக உறங்குகிறான். நிலமற்றவள் வேலை தேடி வெளியூர் நடக்கிறாள். இந்தக் கணக்கு எந்தச் சந்தை விலையில் சேர்கிறது?

தென்னையோ கோடையில் நாளுக்கு 40 லிட்டர் கேட்கும். கடலோரத்தில் கிணற்றை வரம்பின்றி இறைத்தால் உவர்நீர் உட்புகும்.

காலாப்பட்டுக்கு வடக்கே, பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எல்லைக்கு அப்பால், கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனார் கோயிற்காடு இருக்கிறது. கும்பிடச் செல்லவில்லை நாம். மரம் காணச் சென்றோம். காசா, வீரை முதலியவை எவரும் நீரூற்றாமலே பசுமையாய் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கொண்டே ஆண்டு முழுதும் வாழக் கற்றவை அவை. ஐயனார்மீதுள்ள அச்சம் அக்காட்டைக் காத்தது என்பதை மறுக்கமாட்டோம். அச்சம் காத்ததை அறிவு காக்காவிட்டால், நாம் பேசும் பகுத்தறிவுக்கு என்ன மதிப்பு?

ஆகவே நடுவயலில் மணிலா, வேலியோரம் வீரையும் காசாவும், கிழக்கே பனை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா தஞ்சைத் தென்னைகளை வீழ்த்தியது. புயற்காற்றில் பனை அவ்வளவு எளிதில் விழுவதில்லை. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். சாகட்டுமே, பிள்ளைகள் நுங்கு தின்னட்டும்!

மழை தொடங்கியதும் 60 கொட்டைகள் ஊன்றினோம். பனையின் முதல் முளை மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும். தெருப் பிள்ளைகளுக்கு இச்செய்தி நன்கு தெரியும். தை பிறக்குமுன் அவர்கள் தோண்டித் தின்றுவிடாமல் காக்க வேண்டும்.